கரையின் முதுகைப் பாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

வீடூர் அணைக்கு உதவிப் பொறியாளராகப் போகிறீர்கள் என்று உங்கள் அப்பா சொன்னார். மேட்டூரோ சாத்தனூரோ கிடைக்கவில்லையே என்று உங்களுக்கு ஒரு மனக்குறை இருப்பதாகவும் சொன்னார். இருக்கும்தான். வீடூரைப் படம் எடுத்து யாருக்கு அனுப்பினாலும் மேட்டைத்தான் பார்ப்பார்கள். 1958-59-ல் கட்டிய மண்கரை. 32 அடி நீர்மட்டம், 605 மில்லியன் கன அடி கொள்ளளவு. பாசனம் 3,200 ஏக்கர். அதில் 2,200 நம்முடையது, 1,000 புதுச்சேரியுடையது. சுற்றுலாப் பேருந்து நிற்காத அணை.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது வீடூருக்குப் பக்கத்து மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டரில் அவ்வளவு மழை விழுந்தால் ஏறக்குறைய 17.7 மில்லியன் கன அடித் தண்ணீர். அது அப்படியே ஓடிவருவதாக வைத்துக்கொண்டால், வெறும் 35 சதுர கிலோமீட்டர் போதும், காலி அணை நிரம்பிவிடும். செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வந்து வீடூரில் சேரும் வராக நதியும் தொண்டியாறும் அதைப் போலப் பல மடங்கு பரப்பின் தண்ணீரை அல்லவா சுமந்து வருகின்றன? ஆகையால் அந்த மாதிரி மழையை வீடூர் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஊரார் நம்பலாம், நீங்கள் நம்பக் கூடாது. அது கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தில்தான் கீழே இருப்பவர்கள் விழித்து, மாட்டை அவிழ்த்து, கிழவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டும்.

அணை நிரம்பியதும் எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் நிற்பார்கள். மாலை வரும், மலர் தூவுவார்கள், நாளிதழ்க்காரர் படம் எடுப்பார். அந்த நேரத்தில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் வேறு. மண்கரையின் நோய் அதன் முதுகில்தான் தெரியும். மேலே ஜீப்பில் போனால் தெரியாது. இறங்கி, கரையின் பின்பக்க அடிவாரத்தோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்க வேண்டும். சீமைக்கருவேல முள் கிழிக்கும். நடக்க முடியாத அளவுக்குப் புதர் இருந்தால், அந்தக் கரையை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். முதல் அறிக்கையில் எழுத வேண்டியது அதுதான். வெட்டச் சொல்லும்போது வேரோடு பிடுங்கிய குழிகளை அப்படியே விட்டுவிடாமல், மண் போட்டு அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் மரத்துக்குத்தான் பில் போடுவார், குழிக்குப் போட மாட்டார்.

நடக்கும்போது ஈரம் இருந்தால் பயப்படாதீர்கள். கசியாத மண்கரை கிடையாது. கசிவு தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சிறிது நேரம் வைத்து அடியில் மண் படிகிறதா என்றும் பாருங்கள். மண் படிந்தால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. வி-நாட்ச் தகடு வைத்த இடங்களில் கசிவின் அளவையும் அன்றைய நீர்மட்டத்தையும் ஒரே வரியில் எழுதி வாருங்கள். போன வருடம் 28 அடியில் இருந்த கசிவைவிட இந்த வருடம் அதே 28 அடியில் கூடுதலாக இருந்தால், தெளிந்த தண்ணீராகவே இருந்தாலும் மேலே தெரிவியுங்கள். குறைந்தாலும் யோசியுங்கள். கரைக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டு, தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டிருக்கலாம்.

பின்பக்கத்தில் ஊற்று கொப்பளித்தால் ஊரே களிமண் கூடையோடு ஓடிவரும், அடைப்பதற்கு. அடைக்க விடாதீர்கள். அந்த வாயை மூடினால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, உள்ளே முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. இதற்கு வேண்டிய மணலும் ஜல்லியும் சவுக்குக் கட்டையும் செப்டம்பரிலேயே கரையில் குவிந்திருக்க வேண்டும். நடு ராத்திரிப் புயலில் எந்த லாரியும் வராது. சவுக்குக்கு உங்கள் வட்டாரத்தில் பஞ்சமில்லை.

நண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சின்ன மண் அணை உடைந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நண்டு வளை தோண்டியதால் உடைந்தது என்று அமைச்சர் ஒருவர் சொல்ல, நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நண்டும் எலியும் கரையானும் கரையைத் துளைக்கத்தான் செய்யும், அது அவற்றின் பிழைப்பு. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள் என்பதல்லவா சேதி? பார்த்தவன் சொன்னான், கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. கரைக்கு அடியில் ஆடு மேய்ப்பவர், மீன் குத்தகைக்காரர், மதகு பார்க்கும் லஸ்கர் ஆகியோரின் பெயரும் போன் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். அவர்கள் சொன்னதைத் தேதியோடு ஏட்டில் ஏற்றுங்கள். பாதி தவறாக இருக்கும், பரவாயில்லை. திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளில் வெடி வைக்கும் நாட்களையும் விசாரித்து அதே ஏட்டில் எழுதுங்கள். கசிவோடு ஒட்டிப் பார்க்கலாம்.

மழை வந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. இலங்கையில் கந்தளாய்க் குளக்கரை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்தது. புயலும் இல்லை, பெருவெள்ளமும் இல்லை. 120 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அடுத்தது ஷட்டர். இங்கே நம் மாநிலத்துக் கதையே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் குடகனாறு அணை, 1977-ல் கட்டியது, அதே ஆண்டிலேயே உடைந்தது. அதுவும் மண்கரைதான், ஐந்து ஷட்டர்கள். வெள்ளம் வந்தது, ஆட்கள் நேரத்தோடு தூக்க ஆரம்பித்தார்கள், பாதியில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரை ஓட்டினார்கள், பலிக்கவில்லை. கையால் சுற்றினார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலேறிப் பின்சரிவில் வழிந்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் அறுத்துவிட்டது. அங்கே யாரும் தூங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆட்கள் விழித்திருந்தும் உடைந்த அணை அது. 2021 நவம்பரில் ஆந்திராவில் அன்னமய்யா அணை உடைந்தபோதும் ஒரு ஷட்டர் வேலை செய்யாமல் இருந்தது. ஆகவே ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு ஷட்டரையும் மூன்று விதமாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்: மின்சாரத்தில், ஜெனரேட்டரில், கைப்பிடியில். கைப்பிடியில் முழுவதும் தூக்க எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். 'கிரீஸ் போடப்பட்டது' என்ற குறிப்பை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்பும் பின்பும், வெள்ளத்துக்குப் பிறகும் ஆய்வு செய்யச் சொல்கிறது. அவசரகாலச் செயல்திட்டம் கேட்கிறது. ஆனால் அதன் கண் உயரத்தில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் எல்லா அணையும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடு. அதற்குக் கீழே உள்ளது அதன் கணக்கிலேயே இல்லை. வானூர், திண்டிவனம் வட்டாரத்து ஏரிகள் பெரும்பாலும் அப்படித்தான். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நம் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று வேறு பிரித்து வைத்திருக்கிறோம். மேல் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்குள் வரும்போது யாருடைய ஏரி என்று கேட்டுக்கொண்டா வரும்? உங்கள் வரைபடத்தில் அணைக்கு மேலே உள்ள ஏரிகளையும் குறித்து வையுங்கள், உங்கள் பொறுப்பில் இல்லாவிட்டாலும்.

திறந்துவிடுவது தனி வித்தை. அவசரத்தில் மட்டத்தை வேகமாக இறக்கினால் நனைந்த முன்சரிவு நழுவும். தாமதித்து மொத்தமாகத் திறந்தால் கீழே ஊர் முழுகும். 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் போனதையும், எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று சட்டமன்றம் வரை வாக்குவாதம் நடந்ததையும் படித்திருப்பீர்கள். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் விடும் தண்ணீர் சில மணி நேரத்தில் சங்கராபரணி என்ற பெயரோடு வேறொரு அரசாங்கத்தின் எல்லைக்குள் நுழைகிறது. கலெக்டர் வழியாகப் போகும் கடிதம் போகட்டும். புதுச்சேரிப் பொதுப்பணித் துறையில் உங்கள் நிலையில் இருப்பவரோடு இப்போதே ஒரு டீ குடித்து வையுங்கள். புதுச்சேரிப் பக்கம் உள்ள சுத்துக்கேணியில் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றால் எந்தத் தெரு நனையும் என்பது அவருக்குத் தெரியும், உங்கள் ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே போனில் பேச வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் நிவாரணக் கணக்குக்குப் போய்விடுவார்கள். நீங்கள் தை மாதத்தில், தண்ணீர் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே, மறுபடி அடிவாரத்தில் நடங்கள். வறண்ட சித்திரையில் செய்யும் ஆய்வில் எல்லாக் கரையும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். லெவல் கருவி வைத்துக் கரை உச்சியின் மட்டத்தையும் அப்போதே எடுத்துவிடுங்கள். எங்கே நான்கு விரற்கடை தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் அடுத்த வெள்ளம் ஏறும். அந்த அளவுகளின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறேன், சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர்