கேட்டலும் கேட்டதாகக் காட்டலும்

மக்களின் வாழ்வை மாற்றும் திட்டமொன்றை வகுப்போர், முடிவு செய்யுமுன் அம்மக்களின் கருத்தை வினவுதல் முறையாகும். அவ்வாறு வினவியது மெய்யாகவோ, வெறுஞ் சடங்காகவோ என்பதை நீதிமன்றம் ஆராயலாமா? இங்கிலாந்தின் மூன்று வழக்குகளைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது ஸ்டீவனேஜ் வழக்கு. இலண்டனுக்கு வடக்கேயுள்ள அவ்வூரைப் புதுநகராக்க எண்ணிய நகரத் திட்ட அமைச்சர் லூயிஸ் சில்க்கின், 1946 மே மாதத்தில் அங்கு சென்று பேசினார். மக்கள் எள்ளிக் கூக்குரலிட்டபோது, அதனாற் பயனில்லை, திட்டம் நிறைவேறியே தீரும் என்றார். அதற்குரிய சட்டமோ அப்பொழுது நிறைவேறியிருக்கவில்லை. பின்னர்ச் சட்டப்படி பகிரங்க விசாரணை நடந்தது, ஆட்சேபங்கள் கேட்கப்பட்டன, அமைச்சர் கட்டளை பிறப்பித்தார். முன்னரே முடிவு செய்தவர் திறந்த மனத்துடன் கேட்டிருப்பாரோ என அவ்வூரார் சிலர் வழக்கிட்டனர். முதலில் விசாரித்த நீதிபதி கட்டளையைத் தள்ளினார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1947இல் பிரபுக்கள் சபையும் அமைச்சர் பக்கமே தீர்த்தது. அவருடைய கடமை நிருவாகக் கடமை. விசாரணை அறிக்கையையும் ஆட்சேபங்களையும் உண்மையாகக் கருத்திற் கொண்டாற் போதும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எனின், உண்மையாகக் கருத்திற் கொள்ளல் யாது? 1985இல் பிரென்ட் பகுதிப் பாடசாலைகள் பற்றிய வழக்கில் வழக்கறிஞர் ஸ்டீவன் செட்லி எடுத்துரைத்த நான்கு நெறிகளை நீதிமன்றம் ஏற்றது. திட்டம் உருவாகும் பருவத்திலேயே வினவுதல். மக்கள் சிந்தித்து விடையிறுத்தற்குப் போதிய காரணங்களைக் கூறுதல். போதிய கால அவகாசம் அளித்தல். வந்த விடைகளை மனச்சான்றுடன் சீர்தூக்குதல் என்பன அவை. 2014இல் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது.

மூன்றாவது, கிரீன்பீஸ் இயக்கம் தொடுத்த வழக்கு. புதிய அணுமின் நிலையங்கள் பற்றி முடிவு செய்யுமுன் மக்களின் கருத்தை முழுமையாக வினவுவதாக 2003இல் அரசாங்கம் வாக்களித்திருந்தது. 2006இல் நடந்த வினவலிலோ, செலவு, அணுக்கழிவு ஆகியன பற்றிய போதிய விபரங்கள் மக்கள்முன் வைக்கப்படவில்லை. ஆதலின் அது சட்டமுரணானதென 2007இல் மேல் நீதிமன்றத்தின் நீதிபதி சலிவன் தீர்த்தார். அரசாங்கம் விபரங்களுடன் மீண்டும் வினவியது. 2008 ஜனவரியில் அணுமின் நிலையங்களுக்கு ஆதரவாகவே முடிவு செய்தது.

அவ்வாறாயின் வழக்கிட்டோர் பெற்ற பயன் யாதென மாணவர் கேட்கலாம். அணுமின் நன்றோ தீதோ என நீதிமன்றம் கூறவில்லை. அது மக்களின் பிரதிநிதிகள் ஏற்கும் பொறுப்பு. காரணங்களை அறிந்து மறுப்புரைக்கும் உரிமையையே அது காத்தது. நாளை ஆட்சி மன்றங்களில் அமரவிருக்கும் மாணவர், வழக்கு வருமுன்னரே அந்நான்கு நெறிகளையும் கைக்கொள்வாராக.