பூப்போட்ட காலுறை: உள்பக்கம் பார்த்துப் பின்னுங்கள்

பாலக்காட்டு வெயிலில் இருந்துகொண்டு கம்பளிக் காலுறையைப் பற்றி எழுதுகிறாரே என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆனால் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் உறவு உண்டு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதக் காலைகளில் அங்கே புல்மேல் உறைபனி படிவதைப் பார்த்தவர்களுக்குக் காலுறையின் அருமை தெரியும்.

இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றபின், என் துணைவியாரிடம் உல்லன் பின்னக் கற்றேன். ஒற்றை நிறக் காலுறை கைவந்ததும் ஆசை மிகுந்து, தேவிகுளம் பக்கம் இருக்கும் அவருடைய அக்காளுக்கு நீல நிறத்தில் மஞ்சள் பூப்போட்டு ஒரு ஜோடி பின்னினேன். "பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, குதிகால்தான் உள்ளே போக மாட்டேங்குது" என்றார். ஆனாலும் என் மனம் நோகக்கூடாதென்று இழுத்து மாட்டிக்கொண்டார்.

அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப் போயிருந்தது. இரவில் கழற்றியபோது கெண்டைக்காலில் சிவந்த தடம். கட்டைவிரல் நகம் உள்பக்க நூலில் மாட்டிப் பெயர்ந்து இரத்தம் கசிந்திருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. அந்தப் புண் ஆற வாரக்கணக்கில் ஆயிற்று. குற்றம் என்னுடையதுதான். அதை எப்படித் தவிர்ப்பது என்பதே இன்றைய பாடம். ஒற்றை நிறத்தில் காலுறை பின்னத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வேலை பல குளிர்நாடுகளில் உண்டு. நார்வேயின் செல்பு என்ற ஊரில் 1857-ஆம் ஆண்டு மரித் என்ற இளம்பெண் எட்டிதழ்ப் பூப்போட்ட கையுறை பின்னியதிலிருந்து அந்த ஊரே புகழ் பெற்றது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாகௌல் பெண்கள் பல நிற வேலைப்பாடுள்ள காலுறை பின்னுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த மொரேவியப் பாதிரிமார் குடும்பத்தார் கற்பித்த பின்னல் அது. லாகௌல் காலுறைக்கும் கையுறைக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

முறை இதுதான். ஒரு சுற்றில் இரண்டு நிற நூலும் கூடவே வரும். ஒரு நிறம் கண்ணியாகும்போது மற்ற நிறம் பின்னால் சும்மா கடந்து போகும். கடக்கும் அந்த நூலை இறுக்கினால் துணி விரியாது; மிகத் தளர்த்தினால் விரலில் மாட்டும். மூட்டுத் தண்டவாளத்தில் இடைவெளி விடுவதும் இதே கணக்குதான். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 4.5 மில்லிமீட்டர் நீளும். இடமில்லாவிட்டால் பாதை நெளியும். அளவுக்கு மீறி விட்டால் சக்கரம் மூட்டை இடிக்கும்.

கணக்கு: முதலில் இரண்டு நிறத்திலேயே, வட்டமாகவே, ஒரு மாதிரி பின்னி அளக்கவும். 10 செ.மீ.க்கு 32 கண்ணி வருகிறது, பாதச் சுற்றளவு 22 செ.மீ. என்று கொள்வோம். ஒற்றை நிறமென்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்து 64 கண்ணி போடலாம். இரண்டு நிறப் பின்னல் அவ்வளவு விரியாது. குறைக்காமல் 72 போடவும். நான்கு ஊசிக்கும் 18 வீதம்; ஐந்தாவது ஊசி பின்னுவதற்கு. குதிகாலின் அடியிலிருந்து மேல்பாதம் வரை சுற்றி அளந்தால் 30 செ.மீ.க்குக் குறையாது. 22.5 செ.மீ. காலுறை அந்த இடத்தைத் தாண்டியாக வேண்டும். நான் அளக்காமல் விட்டது இதைத்தான்.

பூ: புள்ளிக் கோலம் போடுபவர்களுக்கு இது எளிது. 6 கண்ணிக்கு ஒரு பூ. 72-க்குப் பன்னிரண்டு பூ.

1-ஆம் சுற்று: 2 நீலம், 1 மஞ்சள், 3 நீலம்.
2-ஆம் சுற்று: 1 நீலம், 3 மஞ்சள், 2 நீலம்.
3-ஆம் சுற்று: 2 மஞ்சள், 1 நீலம், 2 மஞ்சள், 1 நீலம்.
4-ஆம் சுற்று இரண்டாவதைப் போல. 5-ஆம் சுற்று முதலாவதைப் போல.
பிறகு 2 சுற்று வெறும் நீலம்; மீண்டும் முதலிலிருந்து.

கவனிக்க வேண்டியவை:

1. நிறம் மாற்றுமுன், பின்னி முடித்த கண்ணிகளை வலது ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்டு, அதன்பின் புது நிறத்தை எடுக்கவும். என் தவறுக்கு மருந்து இதுவே.

2. முதல் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் மஞ்சள் நூல் 5 கண்ணியைக் கடக்கிறது. அது சுமார் ஒன்றரை செ.மீ. நடுவில் ஒருமுறை நீல நூலோடு முறுக்கிவிட்டால் நகம் மாட்டாது.

3. ஊசிக்கு ஊசி மாறும் மூலையில்தான் நூல் அதிகம் இறுகும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

4. பூ நிற நூல் எப்போதும் அடியிலேயே வரட்டும். இடையில் மேலே மாறினால் பூ மங்கித் தெரியும்.

5. ஏழெட்டு செ.மீ. ஆனதும் ஊசியிலிருந்து கண்ணிகளை நீண்ட நூலில் கோத்து, அணியப் போகிறவரின் குதிகாலில் நுழைத்துப் பார்க்கவும். நுழையாவிட்டால் பிரித்துவிடவும். அடுத்த முறை அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியை எடுத்து, மாதிரியை மறுபடி அளந்து, கண்ணியைக் கணக்கிடவும்.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பின்னுவதானால், பூவைக் கணுக்காலுக்கு மேலே மட்டும் தளர்வாக வைத்து, குதிகாலும் பாதமும் விரலும் ஒற்றை நிறத்தில் இருக்கட்டும். நூல் முனைகளை உள்ளே முடிச்சுப் போடாமல் ஊசியால் கோத்து மறைக்கவும். அணியும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவும். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினால் காலில் தடம் இருக்கக்கூடாது. இரவில் பாதத்தை ஒருமுறை பார்ப்பதும், புண் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுவதும் நல்லது.

இரண்டாவது ஜோடியை இப்படித்தான் பின்னினேன். அக்காள் முதலில் அதைத் திருப்பி உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் பூவைப் பார்த்தார். சங்கத்து மகளிரும் ஆண்களும் பின்னி முடித்ததும் அவ்வாறே திருப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.