முசலகிஸலயம்

திருவாய்மொழிக்கு அவதரித்த ஐந்து வ்யாக்யானங்களின் பெயர்களை நம் அன்பர்கள் அறிவர். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஒற்றெழுத்துக்களை நீக்கி 32 எழுத்துக்கள் கொண்டது ஒரு படி. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பேரேட்டோடு கழித்த நமக்கு முதலில் கண்ணில் பட்டது இந்தக் கணக்கே. ஆறாயிரப்படி 1,92,000 எழுத்துக்கள். ஈடு 11,52,000 எழுத்துக்கள். அளவு கூடக் கூடப் பொருள் விரிகிறது, அவ்வளவுதான் வேறுபாடு என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். நடையும் மாறுகிறது என்பதும், எதிரே அமர்ந்து கேட்டவர்கள் மாறியதால் அது மாறிற்று என்பதும் பின்னரே புரிந்தன.

எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிச்செய்த ஆறாயிரப்படியைத் திறந்தால் வடமொழித் தொடர்கள் நீண்டு செல்லும். தமிழ் பல இடங்களில் வேற்றுமை உருபாகவும் வினைமுற்றாகவும் மட்டுமே தலைகாட்டும். வணிகவியல் படித்து வங்கிக்குப் போன நாம் முதன்முதலில் அதைப் படித்தபோது, தமிழ் நூலுக்குத் தமிழறியாதவர்க்கா உரை எழுதினார் என்று மனத்துக்குள் முனகியதுண்டு. அது அறியாமை. வேதாந்தத்தில் ஊறிய வித்வான்களிடையே, ஆழ்வார் அருளியதும் உபநிஷத் சொல்வதும் ஒன்றே என்று நிலைநாட்ட வேண்டியிருந்த காலம் அது. அவர்களுடைய சொல்லிலேயே அவர்களுக்குச் சொன்னார் பிள்ளான். தமிழ் சரளமாக வராத வேற்றுநாட்டு வேதாந்திக்கு இன்றும் எளிய வாசல் ஆறாயிரப்படிதான்.

ஒன்பதினாயிரப்படியின் வரலாறு இன்னும் சுவையானது. அதை அருளிய நஞ்சீயர் மேல்நாட்டிலிருந்து வந்தவர்; தமிழ் அவர் பின்னர் பயின்றது. படியெடுக்க நல்ல கையெழுத்துக்காரரைத் தேடியபோது நம்பூர் வரதராஜர் கிடைத்தார். ஓலைச்சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடக்கையில் வெள்ளம் சுவடியைக் கொண்டுபோயிற்று. கேட்டதை நினைவிலிருந்தே எழுதிய வரதராஜர், தமிழின் நுட்பம் தோன்றிய இடங்களில் சில விசேஷார்த்தங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் கண்டுகொண்டார், கோபிக்கவில்லை. மகிழ்ந்து, அணைத்து, ‘நம்பிள்ளை’ என்று திருநாமமிட்டார். தமக்கு வாராத மொழிநயம் சீடனுக்கு வாய்த்ததென்று ஓர் ஆசார்யர் உகந்த இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நாம் சற்று நிறுத்தித்தான் மேலே செல்வோம்.

அந்த நம்பிள்ளை திருவரங்கத்தில் காலக்ஷேபம் ஸாதிக்க, வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏடுபடுத்தியதே ஈடு. அது பேச்சின் பதிவு. ‘இறே’, ‘காண்’, ‘போலேகாணும்’, ‘அதாகிறது’ என்று வரி தோறும் வருகின்றனவே, அவை புலவர் சொற்கள் அல்ல. எதிரே இருப்பவர் முகம் பார்த்துப் பேசுபவரின் சொற்கள். ‘இறே’ என்பதை ‘அல்லவா’ என்று மாற்றிப் படித்தாலே பாதி மிரட்சி போய்விடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்று வித்வான்களுக்கென்று அமைந்த வடசொற்கள் மாறாமல் நிற்க, எல்லோருக்கும் எளிதாயிருந்த பேச்சுத் தமிழ் இன்று அகராதி தேட வைக்கிறது. ‘ஈடு கடினம்’ என்று ஒதுங்கும் இளைஞர்களிடம் நாம் இதைச் சொல்வதுண்டு.

இனிப் பன்னீராயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளை திருமாளிகையில் தளிகைக் கைங்கர்யம் செய்துவந்த ஒருவர், எழுத்தறியாதவர், ஒருநாள் அங்கே வித்வான்கள் சிலர் கூடி விசாரித்துக்கொண்டிருக்கக் கண்டு, என்ன விஷயம் என்று வினவினார். இவருக்கு எதற்கு என்று எண்ணிய அவர்கள், ‘முசலகிஸலயம்’ பற்றிப் பேசுகிறோம் என்றனர். முசலம் என்றால் உலக்கை. கிஸலயம் என்றால் தளிர். உலக்கைக்குத் தளிர் ஏது? அப்படி ஒரு நூலும் இல்லை. மொழி தெரியாதவரை அவருக்குத் தெரியாத மொழியாலேயே ஏளனம் செய்தார்கள். அவர் அதை மெய்யென்று கொண்டு பெரியவாச்சான் பிள்ளையிடம் விண்ணப்பிக்க, அவர் இரங்கி, எழுத்திலிருந்து தொடங்கித் தாமே கற்பித்தருளினார். பின்னர் இவரே ‘முசலகிஸலயம்’ என்ற பெயரில் ஒரு நூல் இயற்றி, ஏளனம் செய்தவர்களிடம் கொடுத்தார் என்று பெரியோர் சொல்வர். வாதிகேசரி அழகியமணவாள ஜீயர் என்று உலகம் அறிவது இவரையே.

ஐந்து வ்யாக்யானங்களிலும் பாசுரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பதவுரை கூறிச் செல்வது இவருடைய பன்னீராயிரப்படி ஒன்றே. மற்ற ஆசார்யர்கள் கேட்பவருக்குத் தெரியும் என்று கடந்து சென்ற சொற்களுக்கும் இவர் நின்று பொருள் சொல்கிறார். தெரியாதவனாக நிற்பது எப்படியிருக்கும் என்பது இவருக்குத் தெரியும். இது நம் ஊகம். பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

இதை எழுதும்படி நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஞாயிறுதோறும் இணையவழியில் அன்பர்கள் சிலரோடு ஈடு வாசித்துவருகிறோம். பல தேசங்களிலிருந்து மருத்துவர்கள், பொறியாளர்கள் கலந்துகொள்கின்றனர். கைத்தறி நெசவு செய்து இப்போது ஓய்ந்திருக்கும் முதியவர் ஒருவரும் வந்தார். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் நாலாயிரமும் மனப்பாடம். ஒருநாள் நாம் சேஷத்வத்தைக் காட்டிலும் பாரதந்த்ர்யம் எவ்வாறு உயர்ந்தது என்று உற்சாகமாக விவரித்துக்கொண்டிருந்தோம். “ஸ்வாமி, பாரதந்த்ர்யம்னா தமிழ்ல என்ன?” என்று அவர் கேட்டார். “அதைப் போன மாதமே பார்த்தாயிற்றே” என்று சொல்லி மேலே சென்றோம். யாரோ சிரித்த ஒலியும் கேட்டது. மறு வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

போன மாதம் பார்த்ததும் வடசொல்லுக்கு வடசொல்தான். உண்மையில் அவர் கேட்ட கணத்தில் நமக்கே தமிழ் வரவில்லை.

அதைவிட வருத்தம் ஒன்றுண்டு. இந்தப் பாடத்தை நாம் முன்பே ஒருமுறை படித்திருக்கிறோம். கிராமக் கிளை ஒன்றில் பணியாற்றிய நாளில், நகைக்கடன் கெடு கடந்தால் அறிவிப்பு ஆங்கிலத்தில் போகும். ஓர் அம்மையார் அந்தக் காகிதத்தை மடித்து, பூஜையில் பெருமாள் படத்துக்குப் பின்னே பத்திரமாக வைத்திருந்தார், வங்கியிலிருந்து வந்த நல்ல செய்தி என்று. அடகிலிருந்தது அவருடைய தாலிச்சரடு. ஏலத்துக்கு முதல் நாள் தற்செயலாக அவர் வேறு வேலையாக வந்ததால் தப்பிற்று. அன்று முதல் ஒவ்வோர் அறிவிப்பின் கீழும், ‘இந்தத் தேதிக்குள் வட்டி கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்’ என்று தமிழில் நம் கையாலேயே எழுதி அனுப்பினோம். வாடிக்கையாளருக்குச் செய்ததைப் பாகவதருக்குச் செய்யத் தவறினோம்.

வடசொற்களைக் களைந்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பாரதந்த்ர்யம் என்ற சொல்லுக்குப் பின்னே பல நூற்றாண்டு விசாரம் இருக்கிறது. அதைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே வரும் வழி ஒன்று வேண்டுமே. தேடியபோது ‘இட்ட வழக்கு’ என்ற பூர்வர்களின் சொல்லே கையில் அகப்பட்டது. அவன் இட்ட வழக்காயிருத்தல். நகை உடையவனுக்குச் சொந்தமாய் அவனுக்கு அழகு சேர்ப்பது சேஷத்வம். அவன் அணிந்தாலும், பெட்டியில் வைத்துப் பூட்டினாலும், பிறருக்குக் கொடுத்தாலும், உருக்கி வேறொன்றாக்கினாலும் ஏன் என்று கேளாதிருப்பது பாரதந்த்ர்யம்.

முதியவரைத் தொலைபேசியில் அழைத்து, முதலில் க்ஷமிக்கும்படி வேண்டிக்கொண்டு, பிறகு இதைச் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பின், “தறியில பாவு இருக்கிறாப்போல. எந்தச் சேலையாகணும்னு பாவா சொல்லுது?” என்றார்.

அதைப் பன்னீராயிரப்படிப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு, முதல் பத்தை அந்தப் பதவுரையோடு மறுபடி தொடங்குகிறோம். ஈடு அதன் பின். வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.