அடம்பும் ஆடும்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர், மணப்பாடு நோக்கிச் செல்லும் கடற்கரையில் மணல் மேடுகள் பல உள. முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற இக்கரையின் மணல் ஓரிடத்தில் நில்லாது. ஆனி, ஆடித் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று அதனை வாரி இறைக்கும். அம்மணலைக் கட்டிவைக்கும் கயிறு யாது? அடம்பங்கொடியே அது.

சங்கப் புலவர் இதனை அடும்பு என்பர். இதன் பிளவுபட்ட இலையைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் மானின் அடிக்கு ஒப்பிட்டார். மேலைநாட்டுத் தாவர நூலாரோ ‘ஆட்டுக்கால்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டனர். அவ்வாட்டின் காலே இக்கொடிக்குப் பகையானது வியப்பன்றோ!

அடம்பு மணல்மீது படர்ந்து கணுதோறும் வேர்விடும். காற்றுக் கொணரும் மணல் அதன் இலைகளில் தடைப்பட்டுத் தங்கும்; கொடி புதையப் புதைய மேலெழுந்து வளரும். இவ்வாறு எழுந்த மேட்டில் இராவணன் மீசை என்னும் முட்புல்லும் வேரூன்றும். இவ்விரண்டையும் கால்நடைகள் அத்துணை விரும்பித் தின்பதில்லை. மென்புல்லும் இளஞ்செடியுமே வாய்க்கு இரையாகும். ஆயினும், ஒரே தடத்தில் நாள்தோறும் மந்தை நடப்பின் குளம்புகள் கொடியை அறுக்கும், கணுவேர் பெயரும், தடம் வெறுமணலாகும். அவ்விடத்தைக் காற்றுத் தோண்டும். விளிம்பிலுள்ள வேர்கள் வெளிப்பட்டு உலர, பள்ளம் மேலும் அகலும். வாயினும் காலே கொடிது என்க.

மற்றொரு கேடும் உண்டு. சீமைக்கருவேலின் இலையை ஆடு பெரும்பாலும் தொடாது. இனிய காயை விரும்பி உண்ணும். செரியாத விதை புழுக்கையோடு மேடெங்கும் பரவும். தனக்குரிய புல்லை மேய்ந்து தீர்த்த இடத்தில் தானே முள்மரத்தை விதைத்துச் செல்கின்றது!

டென்மார்க்கு நாட்டின் ஸ்காகென் என்னும் கடற்கரை ஊரில், மிகுமேய்ச்சலாலும் மரம் வெட்டியதாலும் பெயர்ந்த மணல் தேவாலயத்தைச் சூழ்ந்தது. வழிபட வந்தோர் வாயிலைத் தோண்டித் திறந்தனர். 1795-இல் அத்தேவாலயம் கைவிடப்பட்டது. இன்று அதன் கோபுரம் மட்டுமே நிற்கின்றது.

மேய்ச்சல் யாண்டும் தீது என்பதும் பொருந்தாது. நெதர்லாந்தின் மணல் மேடுகளில் புல்லும் புதரும் மண்டியமையால், 2007-இல் காட்டெருமை போன்ற ஐரோப்பியப் பைசன்களை அங்கு மேயவிட்டனர். அங்கு மண்ணில் ஈரம் மிகுதி. நம் கரையோ வறண்டது.

ஆடே செல்வமாக வாழ்வோரிடம் ஆடு கூடாது என்பது எங்ஙனம்? கடலை நோக்கிய முன்மேட்டினை விலக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடி தழைக்கும் வரை மந்தையைப் பின்புறத்து உடைமரக் காட்டில் மேய்க்கலாம். உடையின் நெற்று ஆட்டுக்கு நல்ல தீனியுமாகும்.