அழைப்பில்லாத சபை

கல்யாணிக்கு,

உன் கடிதம் வந்தது. மனோதத்துவ வகுப்பில் உன்னோடு படிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே என்றும், ஆகவே இந்தச் சாஸ்திரத்தில் பெண்களுக்குக் குறையொன்றும் இல்லை, கீழ்ப்படியில் கூட்டம் சேர்ந்தால் நாளடைவில் மேற்படிக்கும் வந்துவிடுவார்கள் என்று உன் ஆசிரியர் ஒருவர் சொன்னதாகவும், அதை அப்படியே உன் கட்டுரையில் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு மனம் சமாதானப்படவில்லை.

நாள் சென்றால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்க மனோதத்துவ சங்கத்துக்கு 1905-இல் மேரி கால்கின்ஸும் 1921-இல் மார்கரெட் வாஷ்பர்னும் தலைவர்களாக இருந்தார்கள். அடுத்த பெண் தலைவரான ஆன் அனஸ்தாசி அந்தப் பதவிக்கு வந்தது 1972-இல். இடைப்பட்ட 51 வருஷங்களில் படித்த பெண்களுக்குப் பஞ்சமா? மருத்துவமனைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் குழந்தைகளைச் சோதிக்கும் நிலையங்களிலும் இந்தச் சாஸ்திரத்தின் அன்றாட வேலையைச் செய்தவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். காலம் தன் பாட்டுக்குப் போயிற்று. பதவி மட்டும் அசையவில்லை.

கால்கின்ஸுக்கு ஹார்வர்டு சர்வகலாசாலை டாக்டர் பட்டம் மறுத்த கதை உனக்குத் தெரிந்ததே. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த அம்மையார் தம் அந்திம காலத்தில் எழுதிய சிறு சுயசரிதத்தில் ஓரிடம் உண்டு. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். 1890-ஆம் வருஷம் ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸின் வகுப்பில் மற்ற மாணவர்கள் சில வாரங்களிலேயே விலகிவிட, ஆசிரியரும் அவருமாக இருவர் மட்டும் கணப்பின் இருபுறமும் அமர்ந்து, அச்சகத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்திருந்த ஜேம்ஸின் பெருநூலை முன்வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம். பட்டத்தை மறுக்க முடிந்த சர்வகலாசாலையால் அந்தப் பேச்சை மறுக்க முடியவில்லை. அறிஞர்களை உருவாக்குவது பரீட்சை மண்டபமன்று, நெருக்கமான இத்தகைய சம்பாஷணையே என்பது என் நெடுநாளைய சித்தாந்தம். அந்தச் சம்பாஷணை நடக்கும் அறைக்குள் யாரை அழைக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் உத்தியோக உயர்வின் ரகசியம் அடங்கியிருக்கிறது.

இதற்கு எட்வர்ட் டிட்ச்செனரின் சபையைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. கார்னெல் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த அவர் 1904-இல் பரிசோதனை மனோதத்துவ அறிஞர்களுக்கென்று ஒரு சிறு சபையைக் கூட்டினார். ஆண்டுக்கொரு முறை ஏதேனும் ஒரு பரிசோதனைச்சாலையில் கூடி, இன்னும் முடிவுபெறாத ஆராய்ச்சிகளைச் சுருட்டுப் புகையின் நடுவே ஒளிவுமறைவின்றி விவாதிப்பது வழக்கம். பெரிய பேராசிரியர்கள் தங்கள் இளம் சிஷ்யர்களையும் அழைத்து வருவார்கள். பெண்களுக்கு மட்டும் இடமில்லை. பெண்கள் இருந்தால் புகைபிடிக்கவும் மனம்விட்டு வாதாடவும் முடியாதென்பது அவர் சொன்ன நியாயம். இவரைப் பெண்கல்வியின் விரோதி என்று எண்ணிவிடாதே. இந்தச் சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான வாஷ்பர்ன் 1894-இல் அதைப் பெற்றது இவரிடந்தான். இவரிடம் அப்பட்டம் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள்! வகுப்பின் வாசலை அகலத் திறந்துவைத்த அதே கை, சபையின் வாசலைத் தாழிட்டது. கூட்டம் சேர்ந்தால் போதும் என்ற உன் ஆசிரியர் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்?

நிறங்களைக் கண் அறியும் விதத்தைப் பற்றித் தனிச் சித்தாந்தமே கண்ட கிறிஸ்டின் லாட் பிராங்க்ளின் அந்தச் சபையில் கட்டுரை வாசிக்கக் கேட்டார்; இடமில்லை என்றார்கள். 1914-இல் அவர் விரிவுரையாற்றிவந்த கொலம்பியா சர்வகலாசாலையிலேயே சபை கூடியபோதும் பெண்களை விலக்கும் விதி மாறவில்லை. டிட்ச்செனருக்கு அவர் எழுதிய கண்டனக் கடிதங்களில் அனல் பறக்கிறது. கார்னெலில் ஒரு முறை, இரண்டு இளம் பெண்கள் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு, கதவைச் சற்றே திறந்து வைத்து, உள்ளே அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். சாஸ்திரம் படித்த பெண்கள் சாஸ்திரப் பேச்சை ஒளிந்து கேட்க வேண்டியிருந்தது, அம்மா! 1927-இல் டிட்ச்செனர் காலமான பிறகு, 1929-இல் சபையைத் திருத்தியமைத்தபோதுதான் வாஷ்பர்னும் ஜூன் டவ்னி என்ற மற்றொரு பெண் அறிஞரும் அங்கத்தினரானார்கள். அப்போது வாஷ்பர்ன் பட்டம் பெற்று 35 வருஷம் கழிந்திருந்தது.

பெண்களின் அறிவு உச்சிக்கு எட்டாதது இயற்கையின் விதி, ஆண்களிடையேதான் மேதைகளும் மூடர்களும் மிகுதி என்று வாதிப்பவர்களும் இருந்தார்கள். மனோதத்துவ அறிஞரான லீட்டா ஹாலிங்வொர்த் ஒரு தோழியுடன் சேர்ந்து, பிறந்த ஆண் குழந்தைகள் ஆயிரத்தையும் பெண் குழந்தைகள் ஆயிரத்தையும் அளந்த அளவுகளை ஒப்பிட்டு, அவ்வித வேற்றுமை பிறப்பில் இல்லையென்று 1914-இல் வெளியிட்டார். இந்த வாதத்தில் அதிக நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை.

இன்று அமெரிக்காவில் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெறுவோரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். முழுப் பேராசிரியர் பதவியிலோ அந்த விகிதம் இல்லை. சுருட்டுப் புகை கலைந்துவிட்டது என்பது மெய்யே. ஆனால் கூட்டாராய்ச்சிக்கு யாரைச் சேர்ப்பது, மகாநாட்டில் யாரைப் பேச அழைப்பது, பரிசுக்கு யார் பெயரை எழுதியனுப்புவது என்பவையெல்லாம் இன்றும் நாலு பேர் கூடிப் பேசுமிடத்தில்தான் முடிவாகின்றன. படிப்பவர்களின் தொகையை எண்ணுவது சுலபம். அந்த அழைப்புகளை யாரும் எண்ணுவதில்லை.

கட்டுரையில் ஆசிரியர் சொன்ன அந்த வாக்கியத்தை அடித்துவிடு. அதற்குப் பதிலாக, உன் கல்லூரியில் சென்ற சில வருஷங்களில் மகாநாடுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் யார், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று அலுவலகத்தில் கேட்டு எழுது. லாட் பிராங்க்ளினின் நிறநூல் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் தெரிவி. என்னிடமிருக்கும் பிரதியை அனுப்பிவைக்கிறேன்.