கோணல் மூலைக்கு ஒரு கொட்டில்

கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள எத்தாளையில் வீடு, கிணறு, வெங்காயப் பாத்தி எல்லாம் போக மிஞ்சும் துண்டு நிலம் பெரும்பாலும் கோணலாகத்தான் கிடக்கும். நீர்ப்பம்பியும் குழாய்களும் வைக்கும் கொட்டிலை அதில்தான் போட வேண்டும். நிலத்தின் வடிவத்துக்கே கொட்டிலைக் கட்டுங்கள். நேர்ச்சதுரமாகக் கட்டினால், வேலியோரம் மிஞ்சும் ஒடுங்கிய சந்தில் குப்பையும் பாம்பும்தான் சேரும்.

செய்ய வேண்டியவை

நாலு பக்கத்தையும் அளந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளவெடுங்கள். அந்தக் குறுக்களவு இல்லாமல் ஓடாவி வெட்டும் வளை எந்த மூலையிலும் சரியாகப் பொருந்தாது. பிறகு மணலில் முளையடித்து, நூல் கட்டி, பம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள். நீளமான சுவர் குழாய்களுக்கு, கூரான மூலை மண்வெட்டிக்கு.

காற்றை மறக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் இந்த ஒடுங்கிய குடாநாட்டில் தடையில்லாமல் பாயும். கூரையின் தாழ்ந்த பக்கம் அந்தத் திசையில் இருக்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம். கூரையை மேலே தூக்குவதும் காற்றுத்தான். அதனால் கைமரத்தை வளையோடும், வளையைக் கப்போடும் இறுக்கிக் கட்டுங்கள். இளகிய மணலில் கப்பு தானாக நிற்காது, அடியில் கொங்கிறீற் போடுங்கள். உப்புக்காற்றுக்குச் சாதாரண ஆணி துருப்பிடித்துவிடும். நாகம் பூசியதை வாங்குங்கள்.

கூரைக்குக் கிடுகே என் விருப்பம். எந்தக் கோணலுக்கும் வளைந்து கொடுக்கும், உள்ளே வெக்கையும் குறைவு. அடிக்கடி மாற்ற வேண்டும்தான், ஆனால் தென்னை உள்ள ஊருக்கு அது பாரமில்லை.

செய்யக்கூடாதவை

பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டைக் கோணலுக்கு ஏற்ப அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்தும் ஆளைக் கொல்லும்.

கடல் மணலில் சீமெந்து குழைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பியை உப்பு தின்றுவிடும். காய்க்கும் தென்னைக்கு அடியில் கட்டாதீர்கள். கூரைத்தண்ணீர் பக்கத்து வளவில் விழக்கூடாது.

கிணற்றடியில் கொட்டில் போட்டால் யூரியாவையும் பூச்சிமருந்தையும் அதில் வைக்கவே வேண்டாம். இங்கே குடிநீர் என்பது உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீர். மணலில் சிந்தியது எதுவும் நேரே அதில்தான் இறங்கும். கற்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே கலந்திருக்கிறது. நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அது.

அனுமதி கேட்காமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். முதலில் பிரதேச சபையில் விசாரியுங்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். காணி அதற்குள் இருந்தால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும்.