தெளிந்த நீரெல்லாம் குடிநீர் ஆகுமா?

ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரித்தல் நடத்தும்போது, நான் முறைகளின் பெயர்களில் தொடங்குவதில்லை. "இந்த இரண்டு பொருள்களும் எதில் வேறுபடுகின்றன?" என்பதே என் முதல் கேள்வி. அளவில் என்றால் சலிக்கலாம். பதர்போல ஒன்று லேசாக இருந்தால் தூற்றலாம். ஒன்று மட்டும் இரும்பு என்றால் காந்தம் போதும்.

செயல்பாடு: கண்ணாடிப் பாட்டிலில் நீர், மணல், களிமண் இட்டு நன்கு குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் உடனே படியும். களிமண் கலங்கல் மறுநாளும் இருக்கும். இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு துகளின் அளவில்தான். ஸ்டோக்ஸ் விதிப்படி, விட்டம் பத்தில் ஒரு பங்கானால் படியும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். 10 செ.மீ. ஆழம் இறங்க 0.1 மி.மீ. துகளுக்குச் சுமார் 11 விநாடி, 0.01 மி.மீ. துகளுக்குச் சுமார் 18 நிமிடம், 0.001 மி.மீ. துகளுக்கு ஏறத்தாழ 30 மணி நேரம்.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் சேர்ப்பது இதற்காகத்தான். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி விரைவில் படிகின்றன. எஞ்சியவற்றை மணல் வடிகட்டி தடுக்கிறது. இறுதியில் குளோரின் சேர்க்கிறார்கள்.

அந்த இறுதிப் படியைக் கட்டாயம் பேசுங்கள். "தண்ணீர் தெளிஞ்சிடுச்சு, குடிக்கலாமா சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தெளிந்த நீரிலும் இருக்கலாம். அதைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பாடம் இதுவே.